காலிபிளவரில் பி.டி. அடித்து மறுநாளும் புழு உயிரோடு இருக்கிறது: மருந்து வேலை செய்கிறதா?

நொய்யல்கரைத் தம்பி (தொண்டாமுத்தூர்)

எல்லோருக்கும் வணக்கமுங்க. தொண்டாமுத்தூர் பக்கம் முக்கால் ஏக்கரில் காலிபிளவர் போட்டிருக்கிறேன். நட்டு ஒரு மாதம் தாண்டிவிட்டது, பூ இன்னும் பிடிக்கவில்லை. இலைக்கு அடியில் வைரமுதுகுப் புழு. தொட்டால் பின்பக்கமாக நெளிந்து நூல் விட்டுத் தொங்குகிறதே, அதேதான். அடி இலைகள் ஓட்டை ஓட்டையாக இருக்கின்றன, நடுக்குருத்துக்கும் போக ஆரம்பித்துவிட்டது.

போன வருசம் அடுத்தடுத்து ரசாயன மருந்து அடித்தும் புழு அடங்கவில்லை. செலவுதான் ஏறியது. அதனால் இந்தத் தடவை பி.டி. என்ற பாக்டீரியா பவுடர் வாங்கி லிட்டருக்கு 2 கிராம் வீதம் கலந்து நேற்று பொழுதோட அடித்தேன். இன்றைக்கு வெடியால போய்ப் பார்த்தால் புழு அப்படியே இருக்கிறது, பெரிசும் சிறிசுமாக. மருந்துக்கடைக்காரர், “அது மெதுவாத்தான் கேக்கும், நம்ம வேகத்துக்கு ஆகாது. கூட ஒரு மருந்தைக் கலந்து அடிச்சுடுங்க” என்கிறார்.

எனக்குத் தெரிய வேண்டியது மூன்று. இது புழுவை எப்படித்தான் கொல்கிறது, எத்தனை நாள் பொறுக்க வேண்டும்? பாக்டீரியா என்கிறார்களே, வீட்டில் சமைத்துச் சாப்பிடலாமா என்று அம்மா கேட்கிறார். மூன்றாவதுதான் பெரிய கவலை. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் இந்த வருசம் மல்பெரி வைத்துப் பட்டுப்புழுச் செட்டு போட்டிருக்கிறார். நான் அடித்தது பி.டி. என்று தெரிந்ததும் அவர் முகமே மாறிவிட்டது. அவருக்கு ஏதாவது ஆகுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அவிநாசிக் காட்டுக்காரர்

தம்பி, ரெண்டு நாள் பொறுங்க. தக்காளியில் காய்ப்புழுவுக்கு நான் அடித்திருக்கிறேன், உடனே விழாது, ஆனால் கேட்கும். எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, இதே இடத்தில் கேட்டு வைக்கிறேன். பி.டி. பருத்தி விதையில் இருக்கிறதும் இதே சரக்குத்தானே? வந்த புதிதில் காய்க்குள் ஒரு புழுவைப் பார்க்க முடியாது. இப்போது இளஞ்சிவப்புக் காய்ப்புழு உள்ளே உட்கார்ந்து விதையைத் தின்கிறது. அப்படியானால் தெளிக்கிற பவுடரும் ஒரு நாள் கேட்காமல் போய்விடுமா?

கோபி மல்பெரிக்காரி

தம்பி, புழு செத்ததா என்று பார்க்காதீர்கள், தின்கிறதா என்று பாருங்கள். பி.டி.யை அப்படித்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் கோயம்புத்தூரில் ஒரு பூச்சி ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தேன். புழு வளர்ப்பதுதான் வேலை. காய்ப்புழுவுக்குக் கடலை மாவு, அகர், ஈஸ்ட், வைட்டமின் எல்லாம் சேர்த்துக் காய்ச்சி, சின்னக் கிண்ணங்களில் ஊற்றி, கிண்ணத்துக்கு ஒரு புழுவாக விடுவோம். சேர்த்து விட்டால் ஒன்றையொன்று தின்றுவிடும். வைரமுதுகுக்குக் கடுகு நாற்றும் கோசு இலையும். பி.டி. சோதனைக்கு இலையை வட்டமாக வெட்டி, கரைசலில் முக்கி எடுத்து, காற்றில் உலர்த்தி, ஈரத்தாள் போட்ட கண்ணாடித் தட்டில் வைத்து அதன்மேல் புழுவை விட வேண்டும். எத்தனை செத்தது என்று எழுதுவது 72 மணி நேரம் கழித்து. ஒரே நாளில் எழுதினால் நல்ல சரக்குகூடத் தோற்றதாகத்தான் கணக்கு வரும்.

ஆனால் தட்டுகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு மறுநாள் காலையிலேயே விஷயம் தெரிந்துவிடும். மருந்தில்லாத தட்டில் இலையின் நரம்பு மட்டும் மிச்சமிருக்கும், தட்டெங்கும் பச்சைப் புழுக்கை. மருந்தில் முக்கிய தட்டில் இலை வைத்தது வைத்தபடி, ஓரத்தில் நாலைந்து கடி. புழுக்கை ஒன்றிரண்டு கிடந்தால் அதிகம். புழு உயிரோடுதான் இருக்கும், ஊசியால் தொட்டால் அசையும். ஆனால் அதனால் இனி பயிருக்கு நட்டமில்லை. நீங்கள் இன்று காலை பார்த்ததும் அந்த நிலையாக இருக்கலாம்.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். மூடியில் ஊசியால் துளை போட்ட இரண்டு பிளாஸ்டிக் டப்பா எடுங்கள். ஒன்றில் மருந்து அடித்த இலை, இன்னொன்றில் மருந்து படாத இலை. தோட்டத்தில் தப்பித்த செடி இல்லாவிட்டால், அடிக்காத வேறு தோட்டத்துக் கோசு இலை போதும். இரண்டிலும் ஒரே அளவுள்ள புழுக்களை விட்டு நிழலில் வையுங்கள். மறுநாள் புழுவைப் பார்ப்பதற்கு முன்னால் புழுக்கையைப் பாருங்கள்.

இனி, உள்ளே நடப்பது. பவுடரில் இருப்பது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா, அதன் சுருக்கம்தான் பி.டி. மண்ணில் சாதாரணமாக இருப்பதுதான். சாப்பாடு தீர்ந்து, உறங்குகிற வித்தாக (ஸ்போர்) மாறும் சமயத்தில், அது தன் உடம்புக்குள்ளேயே ஒரு புரதப் படிகத்தையும் கட்டி வைக்கிறது. இந்தப் பாக்டீரியாவில் குர்ஸ்டாகி என்ற வகையில் அந்தப் படிகம் இரண்டு முனையும் கூராக, நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரியும். அதில் இருப்பது கிரை புரதங்கள். கிரை 1ஏ, கிரை 2ஏ என்று அவற்றில் பல உண்டு. படிகமாக இருக்கும்வரை அது யாருக்கும் விஷமில்லை. மட்டையோடு கிடக்கிற தேங்காய் அது, உரித்தால்தான் ஆச்சு. உரிக்கிற வேலையைப் புழுவின் குடலே செய்கிறது.

இலை தின்னும் புழுவின் நடுக்குடல் நல்ல காரம். பி.ஹெச். 9, 10, சிலவற்றில் அதற்கும் மேலே. அந்தக் காரத்தில்தான் படிகம் கரைகிறது. கரைந்து வருகிற கிரை 1 புரதம் ஏறத்தாழ 130 கிலோடால்டன் (புரதத்தை அளக்கிற அலகு) எடை. இலையைச் செரிக்கப் புழு சுரக்கிற டிரிப்சின் வகை நொதிகள் அதில் பாதியை நறுக்கிவிடுகின்றன. அந்த நொதிகளால் மேற்கொண்டு வெட்ட முடியாத 60, 65 கிலோடால்டன் துண்டு ஒன்று மிஞ்சுகிறது. விஷம் அந்தத் துண்டுதான்.

அது குடல் சுவரின் செல்களில் உள்ள சில புரதங்களைத் தேடிப் பிடிக்கிறது. கேட்ஹெரின், அமினோபெப்டிடேஸ், அல்கலைன் பாஸ்பட்டேஸ், ஏ.பி.சி. கடத்திகள் என்று அவற்றுக்குப் பெயர். பிடித்த துண்டுகள் பல ஒன்று சேர்ந்து, செல்லின் சவ்வுக்குள் இறங்கி ஓட்டை போடுகின்றன. உப்பும் தண்ணீரும் கட்டுப்பாடில்லாமல் உள்ளே போக, செல் வீங்கி உடைகிறது. சில மணி நேரத்தில் குடல் முடங்கிவிடும், புழு வாயை மூடிவிடும். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் மெதுவாகத்தான் நடக்கும். உடைந்த குடல் வழியாகப் பவுடரில் இருந்த வித்துகளும், புழுவின் வயிற்றில் ஏற்கெனவே குடியிருந்த பாக்டீரியாவும் ரத்தத்துக்குள் போய்ப் பெருகுகின்றன. இரண்டு மூன்று நாளில் புழு தளர்ந்து, கறுத்து, விரலால் தொட்டால் கூழாகிவிடும். கடைக்காரர் மெதுவாகக் கேட்கும் என்று சொல்வது சாவைப் பற்றி. பயிரைக் காப்பாற்றுகிற வேலை முதல் ராத்திரியே முடிந்துவிடுகிறது.

அம்மாவிடம் சொல்லுங்கள், நம் இரைப்பை அமிலம். காரத்தில் கரைய வேண்டிய படிகத்துக்கு அங்கே வேலையில்லை, கொஞ்சம் கரைந்தாலும் நம் வயிற்று நொதி அதைச் சாதாரணப் புரதமாகச் செரித்துவிடும். நம் குடல் செல்லில் அது பிடிக்கிற புரதங்களும் இல்லை. உப்புத் தண்ணீரில் பூவைப் போட்டு எடுத்துச் சமைக்கிற வழக்கத்தை விடாமல் இருந்தால் போதும்.

எப்படி அடிப்பது என்பதற்கும் மேலே சொன்னதிலேயே பதில் இருக்கிறது. தின்றால்தான் கேட்கும் என்பதால், புழு தின்கிற இடத்தில் மருந்து இருக்க வேண்டும். வைரமுதுகு இலைக்கு அடியில் தின்கிறது, நாமோ மேலே நின்று அடிக்கிறோம். நாசிலைத் திருப்பிக் கீழிருந்து மேலே அடியுங்கள். கோசு, காலிபிளவர் இலையில் மெழுகுப் பூச்சு இருப்பதால் துளி நிற்காமல் ஓடிவிடும், ஒட்டும் திரவம் கட்டாயம் வேண்டும். வெயிலின் புற ஊதாக்கதிர் இந்தப் புரதத்தையும் வித்தையும் சீக்கிரம் கெடுத்துவிடும், அதனால் பொழுதோட அடித்தது சரி. முட்டையிலிருந்து வந்ததும் முதல் பருவப் புழு இலைக்குள் சுரங்கம் போட்டு உட்கார்ந்திருக்கும். மேலே தெளித்தது அதற்குப் போகாது. அது வெளியே வரும்போது இலையில் புது மருந்து இருக்க வேண்டும், எனவே ஐந்தாறு நாளில் இன்னொரு தடவை அடிப்பது தவிர்க்க முடியாதது. பெரிய புழுவுக்கு நிறைய மருந்து வேண்டும். கொஞ்சம் தின்று மயங்கி, பிறகு தேறிவிடுவதும் உண்டு.

தண்ணீர் விஷயம் நம் ஊருக்கு முக்கியம். போர் தண்ணி பல இடத்தில் உப்பும் காரமும். காரத்தில் கரைகிற படிகம் புழுவின் வயிற்றுக்குப் போகாமல் உங்கள் டேங்கிலேயே கரைய ஆரம்பித்தால் காசு வீண். பி.ஹெச். தாள் வாங்கி ஒரு முறை பாருங்கள். 8-க்கு மேலே காட்டினால் மழைத் தண்ணீரோ வாய்க்கால் தண்ணீரோ பிடித்துக் கலக்குங்கள். இல்லையென்றால் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டு இறக்குங்கள். சுண்ணாம்பு சேர்ந்த போர்டோ கலவையோடு பி.டி.யைச் சேர்க்கவே கூடாது.

கடைக்காரர் சொன்ன கலவை வேண்டாம் என்பது என் தீர்மானமான எண்ணம். புழுவைத் தின்னவிடாமல் செய்கிற எதைக் கலந்தாலும் பி.டி. வயிற்றுக்குள் போகிற வழி அடைபடுகிறது. வேப்பெண்ணெயைக்கூட நான் அதே டேங்கில் ஊற்ற மாட்டேன், வேறொரு நாள் அடிப்பேன். அதைவிட முக்கியமானது குளவி. உங்கள் இலைக்கு அடியில் இரண்டு விதக் கூடு இருக்கும். வலைப்பின்னலாக, உள்ளே இருக்கிற கூட்டுப்புழு தெரிகிற மாதிரி இருந்தால் அது வைரமுதுகு. உள்ளே ஒன்றும் தெரியாமல் மூடிய சின்ன வெள்ளைக் கூடாக இருந்தால் அது கொட்டெசியா குளவி. வைரமுதுகுப் புழுவின் உடம்புக்குள் முட்டை வைத்து வளர்ந்து வருவது. பி.டி. அதன் உடம்பில் பட்டால் ஒன்றும் செய்யாது. பல ரசாயன மருந்துகள் முதலில் கொல்வது அதைத்தான். போன வருசம் நீங்கள் அடிக்க அடிக்கப் புழு அடங்காததற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

பட்டுப்புழுவைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், அது நீண்டுவிடும்.

கோபி மல்பெரிக்காரி

தம்பி, பக்கத்து அண்ணன் முகம் மாறியதில் நியாயம் இருக்கிறது. பட்டுப்புழுவும் ஓர் அந்துப்பூச்சியின் புழுதான். அதன் குடலும் காரம், அதே நொதி, விஷம் வந்து பிடிக்கிற அதே புரதங்கள். நீங்கள் அடித்த மருந்துக்கு அதையும் இதையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

இன்னும் சொல்லப்போனால் இந்தக் கிருமியை மனிதன் முதலில் கண்டுபிடித்ததே பட்டுப்புழுவில்தான். ஜப்பானில் 1901-இல் இஷிவாட்டா என்ற அறிஞர், நன்றாகத் தின்றுகொண்டிருந்த பட்டுப்புழுக்கள் திடீரென்று சாய்ந்து செத்துப்போவதைப் பார்த்து, அவற்றிலிருந்து இந்தப் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். அங்கே அது பட்டுக்காரர்களின் எதிரி. பத்து வருசம் கழித்து ஜெர்மனியில் துரிஞ்சியா என்ற இடத்தில் மாவுப்பூச்சியின் புழுவிலிருந்து எர்ன்ஸ்ட் பெர்லினர் இதைக் கண்டார், இன்றிருக்கும் பெயர் அந்த ஊரால் வந்தது. 1950-களில் படிகம்தான் விஷம் என்று ஆங்கஸ் என்பவர் காட்டியதும் பட்டுப்புழுவை வைத்துத்தான்.

வைரமுதுகு தின்பதை நிறுத்திவிட்டு இரண்டு மூன்று நாள் கிடக்கும். பட்டுப்புழு அப்படியில்லை. குடல் உடைந்ததும் குடலின் காரம் ரத்தத்தில் கலந்து, சில மணி நேரத்திலேயே முழு உடம்பும் செயலிழந்துவிடும். காலையில் தழை போடும்போது நன்றாக இருந்த தட்டு பொழுதோட துவண்டு கிடந்தால், செட்டு வைத்திருப்பவருக்கு அது ஒரு பேட்ச் முழுவதுமான நட்டம். கூடு கட்டுகிற நேரம் நெருங்கும்போது நடந்தால், ஒரு மாத உழைப்பும் தழையும் கூலியும் போன மாதிரிதான்.

வயலில் வெயில் இந்த மருந்தைக் கெடுத்துவிடும் என்று சொன்னேன். செட்டுக்குள் அந்த வெயில் கிடையாது. தழையோடு, துணியோடு, செருப்போடு உள்ளே போன தூசி அங்கே நிழலில் பத்திரமாக இருக்கும். வித்துகள் அதைவிட நெடுநாள் தாங்கும். அதனால் வயலில் சரியாக நடந்துகொள்வதைவிட, செட்டுக்குள் போகாமல் பார்ப்பதுதான் பெரிய விஷயம்.

இன்றைக்கே போய் அவரிடம் எந்த வரிசைப் பக்கம் அடித்தீர்கள், காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று சொல்லிவிடுங்கள். உங்கள் வேலியோரத்து மல்பெரி வரிசைகளிலிருந்து அவர் சில வாரம் தழை அறுக்க வேண்டாம். அந்தத் தழையை மாட்டுக்குப் போடலாம், மாட்டுக்கு ஒன்றும் ஆகாது. மருந்தடித்த ஆள் அதே சட்டையோடு அவர் செட்டுக்குள் போகக் கூடாது, அவர் ஸ்பிரேயரையும் டிரம்மையும் இரவல் வாங்காதீர்கள். அவர் அடுத்த முட்டை வாங்கும் முன் பிளீச்சிங் பவுடரும் சுண்ணாம்பும் கலந்து செட்டைக் கழுவுவது எப்படியும் வழக்கம், இந்தத் தடவை அதில் குறை வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

எங்கள் தோட்டத்தில் மல்பெரிக்குப் பக்கத்தில் தக்காளி உண்டு. பி.டி. நல்ல மருந்து என்று இவ்வளவு எழுதுகிற நான், அங்கே அதைத் தொடுவதில்லை. காய்ப்புழுவுக்கென்று தனியாக வருகிற என்.பி.வி. வைரஸ்தான் அடிக்கிறேன், அது அந்தப் புழுவையும் அதன் நெருங்கிய இனங்களையும் தவிர வேறெதற்கும் போகாது.

அவிநாசி அண்ணா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆமாம், அதே குடும்பத்துப் புரதம்தான். இந்தப் பாக்டீரியாவின் ஜீனைச் செடிக்குள் புகுத்தி, 2002-இல் இந்தியாவில் அனுமதி கிடைத்த பருத்தியில் இருந்தது கிரை 1ஏசி. 2006-இல் வந்ததில் கூடவே கிரை 2ஏபி. தெளிக்கும்போது படிகமாகப் போகிறது, வெயிலில் சில நாளில் அழிகிறது. பருத்திச் செடியிலோ ஒவ்வொரு செல்லிலும் புரதம் எந்நேரமும் இருக்கிறது. புழுவுக்கு ஓய்வே இல்லை. இளஞ்சிவப்புக் காய்ப்புழு பருத்தியை விட்டு வேறெதிலும் பெரிதாக வளர்வதும் இல்லை. தப்பிக்கிற வழியைக் கண்டுபிடித்த ஒன்றிரண்டு புழுதான் அடுத்த தலைமுறைக்குத் தாய் தகப்பன். கிரை 1ஏசிக்குப் பழகிவிட்ட புழு குஜராத்தில் தெரிந்தது 2009 வாக்கில். பிறகு சில வருசத்தில் இரண்டு புரதத்தையும் தாங்கியது.

இதைத் தள்ளிப்போடத்தான் 450 கிராம் விதைப் பாக்கெட்டோடு 120 கிராம் சாதாரண விதையும் கொடுத்தார்கள். ஓரத்தில் சாதாரணப் பருத்தி இருந்தால் அங்கே பழகாத புழு வளரும், பழகிய புழுவோடு சேர்ந்து அந்தக் குணத்தைக் கரைத்துவிடும். எத்தனை பேர் அந்தச் சின்னப் பாக்கெட்டை விதைத்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும். இன்னொன்று பலர் பேசுவதில்லை. நம்மிடம் விற்றது வீரிய ஒட்டுவிதை. ஒட்டுச்செடியில் அந்த ஜீன் ஒரு பக்கத்துப் பெற்றோரிடமிருந்துதான் வருகிறது என்றால், அதன் காய்க்குள் இருக்கிற விதைகளில் நாலில் ஒன்றில் அந்தப் புரதம் இருக்காது. ஒரே காயில் மருந்துள்ள விதையும் இல்லாத விதையும் கலந்து கிடக்க, விதை தின்கிற புழுவுக்கு அது பழகுவதற்கு வசதியாகிவிட்டது. விதையை இப்படி வடிவமைத்தவர்கள் முன்னமே யோசித்திருக்க வேண்டும் என்று எனக்கு இன்றும் ஆதங்கம் உண்டு.

தெளிக்கிற பவுடருக்கும் இது நடக்கும், நடந்தும் இருக்கிறது. அதுவும் நம் தம்பி தோட்டத்தில் இருக்கிற இதே வைரமுதுகில். ஹவாய்த் தீவில் கோசு, நீர்க்கீரைத் தோட்டங்களில் பி.டி.யையே திரும்பத் திரும்ப அடித்ததில் புழு தாங்கிக்கொண்டது என்று 1990-இல் பதிவானது. திறந்த வயலில் ஒரு பூச்சி பி.டி.யைத் தாங்கியதற்கு முதல் சாட்சி அதுதான். பின்னால் ஆராய்ந்தபோது, மேலே சொன்ன ஏ.பி.சி. கடத்தி ஒன்று அந்தப் புழுவில் மாறியிருந்தது தெரிந்தது. விஷம் வந்து பிடிக்க இடமில்லாமல் போய்விட்டது. ஆகவே அண்ணா, பயிர்க்காலம் முழுக்க இதையே அடிக்காமல் கடுகு வரிசை, குளவி, பொறி என்று மாற்றி மாற்றிப் போனால்தான் பவுடர் நமக்கு நீண்ட நாள் உதவும்.

பெதப்பம்பட்டிச் சோளக்காடு (உடுமலை)

அக்கா, அருமையாகச் சொன்னீர்கள். எங்கள் பக்கம் மக்காச்சோளத்தில் படைப்புழு. அதற்கு இது கேட்குமா?

கோபி மல்பெரிக்காரி

கேட்கும், ஆனால் வைரமுதுகில் கேட்கிற அளவுக்குக் கேட்காது. படைப்புழு சேர்ந்த ஸ்போடாப்டெரா இனத்துப் புழுக்களுக்கு குர்ஸ்டாகியில் உள்ள கிரை 1ஏ புரதங்கள் வலுவாகப் பிடிப்பதில்லை. ஐசாவாய் என்ற வகையில் கிரை 1சி இருப்பதால் அது மேல். பாக்கெட்டில் என்ன வகை என்று போட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள். படைப்புழு குருத்துக்குள் இறங்கித் தன் புழுக்கையாலேயே வாயை அடைத்துக்கொண்ட பிறகு எது அடித்தாலும் சிரமம். பயிர் சின்னதாக இருக்கும்போது, முட்டைக் குவியலை நசுக்கிவிட்டு, இலையில் சன்னல் சன்னலாகச் சுரண்டியிருக்கிற பருவத்திலேயே குருத்துக்குள் இறங்குகிற மாதிரி அடிக்க வேண்டும்.

இந்தப் புழு 2018-இல்தான் கர்நாடகத்தில் சிவமொக்கா பக்கம் முதலில் தெரிந்து அதே வருசம் நம்மிடமும் வந்தது. அமெரிக்கக் கண்டத்தில் இதற்கும் கேட்கிற கிரை 1எஃப் வைத்த மக்காச்சோளம் போட்டார்கள். போர்ட்டோ ரிக்கோவில் சில வருசத்திலேயே புழு பழகிவிட்டது. அதற்குப் பிறகு அவர்கள் சேர்த்தது விப் 3ஏ. அதுவும் இதே பாக்டீரியாவின் புரதம்தான், 1996-இல் கண்டுபிடித்தது. படிகமாகக் கட்டி வைக்காமல், பாக்டீரியா வளர்கிற பருவத்திலேயே வெளியே விடுகிற புரதம். குடலில் கிரை பிடிக்கிற இடத்தில் அது பிடிப்பதில்லை, அதனால் கிரைக்குப் பழகிய புழுவும் அதில் விழுகிறது. நம் நாட்டில் அப்படிப்பட்ட மக்காச்சோளத்துக்கு அனுமதி இல்லை. நமக்குத் தெளிப்புதான்.

நொய்யல்கரைத் தம்பி

அக்கா, டப்பா வைத்துப் பார்த்துவிட்டேன். மருந்து படாத இலையை அரித்துவிட்டது, டப்பாவின் அடியெல்லாம் புழுக்கை. அடித்த இலை வைத்த டப்பாவில் சின்னப் புழுக்கள் அசையாமல் சுருண்டு கிடக்கின்றன, கடித்த தடமே கொஞ்சம்தான். பெரிய புழு இரண்டு மட்டும் இன்னும் தின்றுகொண்டிருக்கின்றன. வயலிலும் நடுக்குருத்தில் புதுக்கடி இல்லை. போர் தண்ணியில் தாள் நனைத்தால் 8-க்கும் 9-க்கும் நடுவே காட்டுகிறது, அடுத்த தடவை வாய்க்கால் தண்ணீர்தான்.

பக்கத்து அண்ணனிடம் பேசிவிட்டேன். நல்லவேளையாக அவர் செட்டில் இப்போது புழு இல்லை, கூடு இறக்கிவிட்டு அடுத்த முட்டைக்குக் காத்திருக்கிறார். வேலியோரத்து வரிசைகளில் தழை எடுக்க மாட்டேன் என்றார். என் பக்கத்து ஓரப் பாத்திகளில் இனி பி.டி. அடிக்கவில்லை என்று நானும் சொல்லிவிட்டேன். அந்த ஓரத்துக்கு மட்டும் என்ன செய்வது?

அவிநாசிக் காட்டுக்காரர்

ஓரத்துக்கு பிவேரியா பூஞ்சாணம் அடியுங்கள் தம்பி. அதுவும் இயற்கைதான், பவுடராகக் கிடைக்கிறது.

கோபி மல்பெரிக்காரி

அண்ணா, அது மட்டும் வேண்டாமுங்க. பட்டுப்புழு சுண்ணாம்புக்கட்டி மாதிரி வெளுத்து இறுகிச் சாகிற நோய் இருக்கிறதே, அதைக் கொண்டுவருவதே பிவேரியாதான். இத்தாலியில் பாஸி என்ற அறிஞர் 1835-இல் அதைக் கண்டுபிடித்ததால்தான் பூஞ்சாணத்துக்கு பிவேரியா பாஸியானா என்று பெயரே வந்தது. பி.டி.யாவது தின்றால்தான் கேட்கும். இது தோலில் ஒட்டினாலே முளைத்து உள்ளே போய்விடும், ஈரம் இருந்தால் தட்டுக்குத் தட்டு பரவும். இயற்கை மருந்து என்ற பெயரை மட்டும் நம்பி மல்பெரிக்குப் பக்கத்தில் எதையும் அடிக்கக் கூடாது. எந்த உயிரைக் கொல்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் அடிக்க வேண்டும்.

தம்பி, ஓரப் பாத்திகள் கொஞ்சம்தான் என்றால் கையால் பொறுக்குங்கள். டப்பாவில் தப்பித்த மாதிரிப் பெரிய புழுக்கள் வயலிலும் இருக்கும், அவற்றையும் சேர்த்துப் பொறுக்கிவிடுங்கள். இலையைத் தட்டினால் நூலில் தொங்கும், எடுப்பது சுலபம். வைரமுதுகுக்கான இனக்கவர்ச்சிப் பொறியை ஓரத்தில் கட்டினால் ஆண் அந்துப்பூச்சி விழும். எத்தனை விழுகிறது என்பதை வைத்தே அடுத்த முட்டை எப்போது வரும் என்று தெரிந்துகொள்ளலாம். அடுத்த போகத்துக்கு நடவுக்கு முன்னாலேயே வேலியோரம் சோளம் நாலு வரிசை நெருக்கமாக விதைத்து வையுங்கள், சாரல் அந்தப் பக்கம் போகாது. அதற்கு உள்பக்கமாக ஒரு வரிசை கடுகு. வைரமுதுகு கோசைவிடக் கடுகில் விரும்பி முட்டை வைக்கும்.

நடுவயலில் அடுத்த தெளிப்பு ஐந்தாறு நாளில், அண்ணன் முட்டை வாங்குகிற தேதியைக் கேட்டுவிட்டு அதற்கு முன்னால் முடித்துவிடுங்கள். காற்று அவர் பக்கம் போகிற நாளாக இருந்தால் ஒரு நாள் தள்ளி அடியுங்கள். பூ பிடித்த பிறகு பூவுக்குள் புழு போகாமல் பார்ப்பதுதான் வேலை, அப்போது எழுதுங்கள், பேசலாம்.